விளங்கா மேற்கோள்

சென்ற ஆண்டு எம் வகுப்பில் நிகழ்ந்த கருத்தரங்கிற்காக யாம் நால்வர் கூடி ஒரு கட்டுரை வகுத்தோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையுரையில் அடியார்க்குநல்லார் யாழ் பற்றிக் கூறுவனவற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர் எவ்வாறு கொண்டனர் என்பது அதன் பொருள். எம் முடிபு முழுவதும் ஓர் அறிஞரின் கூற்றொன்றன்மேல் நின்றது. அக்கூற்றை அவையிற் படித்த அளவில் எம் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பினார்: எந்நூல், எப்பதிப்பு, எத்தனையாம் பக்கம்? எம்பால் இருந்ததோ கைப்பேசியில் எடுத்த ஒரு பக்கத்தின் நிழற்படம் ஒன்றே. மேற்புறம் வெட்டுண்டமையால் பக்க எண் தெரிந்திலது. நூலின் முகப்பைப் படமெடுக்க ஒருவர்க்கும் தோன்றவில்லை. படத்தை எடுத்தவர் யாவர் என்பதிலேயே எம்முள் வழக்கு உண்டாயிற்று. மூன்று நாள் நூலக அலமாரிகளைத் துருவியும் அந்நூல் அகப்பட்டிலது. ஈற்றில் அக்கூற்றை அடித்தோம். அதன்மேல் எழுப்பிய முடிபும் உடன் வீழ்ந்தது. எட்டுப் பக்கக் கட்டுரை ஐந்து பக்கமாகச் சுருங்கிற்று.

அவ்விழப்பின் பின்னரே மேற்கோள்களைத் தொகுத்துக் காக்கும் மென்பொருள்களைப் பற்றி யாம் உசாவத் தலைப்பட்டோம். உசாவியபொழுது, இஃது அயல்நாட்டார் நம்மேற் சுமத்திய புதுக்கட்டளையன்று, நம் உரையாசிரியர் காலந்தொட்டு நம்மைத் தொடர்ந்துவரும் பழைய கடனே என்பதும் புலனாயிற்று. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

மேற்கோள் காட்டுதலில் நம் முன்னோர் எவர்க்கும் பின்னிட்டவரல்லர். நச்சினார்க்கினியர் போன்றார் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறினால் அதற்குச் சான்றாகப் பழம்பாட்டொன்றன் அடியைத் தந்து, ‘என்றார் பிறரும்’ என முடித்து அப்பாற் செல்வர். அப்பிறர் யாவர், அஃது எந்நூல் என்பன பலவிடத்தும் கூறப்படா. இதனைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. அக்காலத்து மாணாக்கர்க்கு நெஞ்சமே ஏடு. அடியின் முதற்சீரைக் கேட்ட அளவில் முழுப்பாட்டும் அவர் நாவில் வந்து நிற்கும். நூற்பெயர் கூறுதல் அவரை இழிவுபடுத்துதலாகவுங் கூடும். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 2ஆம் அதிகாரத்திலும் இவ்வழக்கைக் காண்கின்றோம். ஆங்கு 8ஆம் சங்கீதத்தின் அடிகள் எடுத்தாளப்படுகின்றன. ஆயினும் ஆசிரியர் சங்கீதம் என்றாதல் தாவீது என்றாதல் குறியாமல், யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்திற் சான்று பகர்ந்தார் என்ற அளவில் அமைகின்றார். சங்கீதங்களை நாள்தோறும் பாடிய மக்களுக்கு அதற்குமேல் வேண்டுவதில்லை.

சங்கீதங்களுக்கோ அவற்றைப் பாடுவோர் எஞ்ஞான்றும் இருந்தனர். நம் பழம்பாட்டுகளுக்கு அப்பேறு வாய்த்திலது. இடையில் ஒரு காலம் வந்தது. சங்க நூல்கள் பாடங்கேட்பாரின்றி ஏட்டளவில் ஒடுங்கின. உரைகள் மட்டும் சிலரால் ஓதப்பெற்றன. அப்பொழுது ‘பிறர்’ என்பார் உண்மையிலேயே பிறராயினர். 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் பட்ட இடர் இதுவே. நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளடிகள் நிரம்ப உண்டு. அவற்றின் பிறப்பிடமோ தெரிந்திலது. பின்னர்த் திருவாவடுதுறை மடத்து ஏடுகளிற் சங்கத்தொகைகளைக் கண்டபொழுது, அதுகாறும் ஊரும் பேரும் அறியாது நின்ற அடிகள் ஒவ்வொன்றாய்த் தம் இல்லம் புகுந்தன. அங்ஙனம் புகாதன பல. அவற்றை ஐயர் மறைத்திலர். தாம் அறியாதவற்றை ‘விளங்கா மேற்கோள்’ என்று தலைப்பிட்டு அகராதி வரிசையில் தம் பதிப்பிற் சேர்த்துப் பிறர் தேடுதற்கு விட்டுச் சென்றார். இக்கட்டுரையின் தலைப்பு ஐயர்பால் யாம் பெற்ற கடன்.

இவற்றுக்கு மறுதலையாய் நின்றவர் ஒருவர் நம் கொங்கு நாட்டவர். பீளமேட்டினின்று அவிநாசிச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் அவிநாசியும் பெருமாநல்லூரும் கடந்து விசயமங்கலத்தை அடைவர். பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் அஃது. அதனை அடுத்த நிரம்பையே அடியார்க்குநல்லார் பிறந்தவூர் என்று கொங்கு நாட்டார் கொள்வர். அவர் சிலப்பதிகாரத்திற்கு உரைகாணப் புகுந்தபொழுது, முதற்கண் தம் கருவிநூல்களை எடுத்துரைக்கின்றார். பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைநூல்கள் இறந்தன என்கின்றார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடகநூல்களுட் சில சூத்திரங்களே வழங்குகின்றன, முதலும் முடிவுங் காணப்படவில்லை என்கின்றார். பின்பு தமக்குக் கிடைத்தவை ஐந்து எனத் தொகை கூறி, அவற்றை ஆசிரியர் பெயரொடும் சுட்டுகின்றார்: சிகண்டியாரின் இசைநுணுக்கம், யாமளேந்திரரின் இந்திரகாளியம், அறிவனாரின் பஞ்சமரபு, ஆதிவாயிலாரின் பரதசேனாபதீயம், பாண்டியன் மதிவாணனாரின் நாடகத் தமிழ்நூல் என்பன அவை. இவ்வைந்தும் இக்காப்பியத்தின் கருத்தொடு முற்றும் பொருந்துவன அல்ல, ஒருபுடை ஒப்புமை பற்றியே கொள்ளப்பட்டன என்பதையும் ஒளியாது உரைக்கின்றார். தாம் கண்டது, தாம் காணாதது, கண்டதும் எவ்வளவிற் பயன்பட்டது என்னும் மூன்றையும் நூன்முகத்தில் வைத்த இவ்வொழுங்கை இற்றை நாள் ஆராய்ச்சி மாணவர் எத்துணைப்பேர் மேற்கொள்கின்றோம்?

அவர் பெயர்சுட்டியதன் பயன் பல நூற்றாண்டு கழித்து விளைந்தது. இறந்ததென்றே கருதப்பட்ட பஞ்சமரபின் ஏடு இக்கொங்கு நாட்டிலேயே வித்துவான் வே. இரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் கைக்கு வந்து, 1973இல் அச்சேறிற்று. நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் சிலப்பதிகார உரையிற் பொறிக்கப்பட்டிருந்தமையாலன்றோ அவ்வேட்டின் அருமை உணரப்பட்டது! அடியார்க்குநல்லாரும் ‘என்றார் பிறரும்’ என்று மட்டும் எழுதிச் சென்றிருப்பின், அவ்வேட்டைக் கண்டாரும் பிற்காலத்து இசைச்சுவடி ஒன்றென்று ஒதுக்கியிருத்தல் கூடும். புறத்திரட்டின் கதையும் இத்தகையதே. அதனைத் தொகுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் ஒவ்வொரு பாட்டும் எந்நூலைச் சார்ந்தது என்று குறித்து வைத்தார் அப்பெருமகனார். முத்தொள்ளாயிரத்துப் பாட்டுகள் நூற்றுக்குமேல் நமக்குக் கிடைத்ததும், அதியமான் தகடூரைப் பாடிய தகடூர் யாத்திரையின் சில செய்யுட்கள் எஞ்சியதும் அக்குறிப்பினால். தம் பெயரை விடுத்து நூற்பெயரைக் காத்தார். எஸ். வையாபுரிப் பிள்ளை அதனை 1938இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்தார்.

எம் ஊரார்க்கு இதனைப் பஞ்சுப் பொதியைக் காட்டி விளக்கலாம். பருத்தியை அழுத்திப் பொதியாக்கும் தொழிற்சாலை ஒவ்வொன்றும் தனக்கு உரிய குறியையும் தொடரெண்ணையும் பொதியின்மேல் இடல்வேண்டும் என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நூற்பாலையிற் பொதியை உடைக்கும்பொழுது உள்ளே கல்லோ ஈரமோ காணின், அஃது எங்கிருந்து வந்தது என்று அக்குறி காட்டிவிடும். குறியில்லாப் பொதி நல்ல பஞ்சே யாயினும் எவரைக் கேட்பது? மேற்கோளும் அத்தகைத்தே. அதன் குறியாவது ஆசிரியர், நூல், பதிப்பு, ஆண்டு, இடம் என்பன.

இக்குறிகளை நம் ஆசிரியர்மார் சீட்டுகளில் எழுதிச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்தனர். சீட்டு நல்ல கருவி. எனினும் ஒரு சீட்டு ஒரு வரிசையிலேயே நிற்கும், ஒருவர் கையிலேயே இருக்கும், கரையான் அறியாத பொருளுமன்று. கணிப்பொறியில் இவ்வேலையைச் செய்ய 1985இல் பிப்டெக் என்பதும், அப்பதிற்றாண்டின் இறுதியில் எண்ட்நோட் என்பதும் தோன்றின. 2006இல் அமெரிக்க நாட்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறையினர் ஜோட்டெரோ என்பதை வெளியிட்டனர். 2008இல் வந்த மெண்டலி 2013இல் எல்சவியர் என்னும் பதிப்பகத்தார் உடைமையாயிற்று. யாம் கைக்கொண்டது ஜோட்டெரோ. விலையின்மை முதற்காரணம் என்பதை மறைப்பானேன்? கற்றுத் தனதாக்கிக் கொள்ளுதல் என்னும் பொருள்படும் அல்பேனிய வினைச்சொல்லினின்று அப்பெயர் ஆக்கப்பட்டதாம்.

அதன் தொழிற்பாடு சிக்கலுடையதன்று. இணையத்தில் ஒரு நூலின் பதிவையோ கட்டுரையையோ காணும்பொழுது உலாவியின் மூலையிலுள்ள பொத்தானை அழுத்தின், ஆசிரியர் பெயர் முதலிய விவரங்கள் தாமே நம் தொகுப்பிற் சென்று அமரும். படமோ கோப்போ உளதாயின் அதனையும் அப்பதிவோடு பிணைக்கலாம். ஒரே பதிவு ‘யாழ்’ என்னும் உறையிலும் ‘உரையாசிரியர்’ என்னும் உறையிலும் ஒருங்கே நிற்கும்; சீட்டினால் ஆகாதது இது. பின்னர் வேர்டு அல்லது லிபர் ஆபீஸில் கட்டுரை எழுதுங்கால், வேண்டிய இடத்தில் அப்பதிவை அழைத்தால் மேற்கோட்குறிப்பு அங்கே விழும். கட்டுரை முடிவில் துணைநூற்பட்டியும் தானே அமையும். ஆசிரியர் ஒருவர் எம். எல். ஏ. முறை வேண்டுவர் (சட்டமன்ற உறுப்பினரைக் கருதற்க; அமெரிக்க மொழிச் சங்கத்தார் வகுத்த முறையின் பெயர் அது); மற்றொருவர் சிகாகோ முறை வேண்டுவர். ஒரு சொடுக்கில் பட்டி முழுதும் முறை மாறும். இரவு முழுதும் கண்விழித்துக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் திருத்திய மூத்த மாணவர்கள் இதனைக் கண்டு பெருமூச்செறிந்தனர்.

நிற்க. இக்கருவியை ஆக்கியோர் தமிழ்ப் பெயரையும் தமிழ் நூலையும் மனத்திற் கொண்டு ஆக்கியவரல்லர். ஆதலின் தமிழ் மாணவர் சிலவிடத்து விழிப்பாயிருத்தல் வேண்டும். எம் இடர் பெரும்பாலும் ஈண்டே நேர்ந்தது.

முதலாவது பெயர். மேனாட்டார்க்குக் குடிப்பெயர் உண்டு. கருவி அதனைத் தேடுகின்றது. நமக்கோ முன்னெழுத்து தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ ஆகும், பின்வருவதே இயற்பெயர். ‘எஸ். வையாபுரிப் பிள்ளை’ என்று இட்டால், ‘பிள்ளை’யைக் குடிப்பெயராக்கி ‘வையாபுரி’யைப் பின்னே தள்ளிவிடும். எம் முதற்பட்டியில் தமிழ் வளர்த்த பிள்ளைமார் எல்லாரும் ஒரு கூரையின்கீழ்ப் பகரவரிசையிற் கூடி நின்றனர். தேவநேயப் பாவாணரும் அவர்க்கு அயலிற் பாவாணராகவே நின்றார். இதற்கு மாற்று உண்டு. பெயரிடும் இடத்தில் இரு கட்டங்களை ஒன்றாக்கும் சிறு குறியொன்று இருக்கின்றது. அதனை அழுத்திப் பெயர் முழுவதையும் ஒரே கட்டத்தில் இடுக. இயற்பெயரை முன்வைத்து முன்னெழுத்தைப் பின்வைத்தால் அகரவரிசையும் செம்மையுறும். அன்றியும், ஒருவரே பலராதலும் உண்டு. உ. வே. சாமிநாதையர் ஆங்கில எழுத்திலமைந்த நூற்பட்டிகளிற் சுவாமிநாத ஐயர் என ஓரிடத்தும், சாமிநாதையர் என ஓரிடத்தும், எழுத்துப் பெயர்ப்பு முறைப்படி வேறோர் உருவில் ஓரிடத்தும் காணப்படுவர். பொத்தானை அழுத்தியதோடு அமைந்தால் ஐயர் மூவராவர். வந்த பதிவைத் தமிழெழுத்தில் மாற்றி ஒருமைப்படுத்துதல் நம் கைவேலையே.

இரண்டாவது ஆண்டு. பழம்பதிப்புகளின் முகப்பிற் பிரபவ, விபவ என்னும் ஆண்டுப்பெயர் மட்டும் நிற்பதுண்டு. பிரபவ என்பது 1867ஆ, 1927ஆ, 1987ஆ? அறுபதாண்டுச் சுழற்சியாதலின் தாளும் அச்சும் அச்சகப் பெயருமே துணிவு தரும். துணிந்தபின்னும், சித்திரையில் தொடங்கும் ஆண்டு ஆங்கில ஆண்டு இரண்டனைத் தொட்டு நிற்றலின், திங்கள் தெரியாவிடின் ஈராண்டையும் குறித்தலே நேர்மை. வேறு சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். அதனினின்று 31 கழித்துக் கொள்க. கழிக்க மறந்த எம் தோழர் ஒருவரின் பட்டியில் இன்னும் அச்சாகாத நூலொன்று இடம்பெற்றது.

மூன்றாவது இடம். திருக்குறளைப் பக்க எண்ணாற் சுட்டுதல் பயனில்லாதது. பதிப்புத்தோறும் பக்கம் மாறும், குறளின் எண் மாறாது. வேதாகமத்துக்கு அதிகாரப் பகுப்பு 13ஆம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டிற்கு இன்றுள்ள வசன எண் 1551இலும் அமைந்தன. அன்றுதொட்டு எம்மொழிப் பதிப்பை எடுத்தாலும் அவ்விடத்தை அடையலாம். கருவியிலும் பக்கம் என்பதற்கு ஈடாகச் செய்யுள், அடி, அதிகாரம் என்பவற்றைத் தேர்ந்துகொள்ள இடமுண்டு. உரையை மேற்கோள் காட்டும்பொழுது மட்டும் பதிப்பும் பக்கமும் இன்றியமையாதன. நூற்பெயர் ஒன்றாயிருத்தலும் ஈண்டு எண்ணத்தக்கது. ‘கொங்கு மண்டல சதகம்’ என்று மட்டும் எழுதுவோர், கார்மேகக் கவிஞர் பாடியதைக் கருதினரா, வாலசுந்தரக் கவிராயர் பாடியதைக் கருதினரா என்பதை யார் அறிவார்? நம் நாட்டைப் பற்றிய நூலிலேயே நாம் இம்மயக்கத்தை விளைத்தல் நன்றன்று.

அகர வரிசையைப் பற்றியும் ஒருசொல். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் எண்பெற்றுள்ளன. அவ்வெண்ணையே பின்பற்றி அடுக்கப்பட்ட பட்டி தொல்காப்பியர் கண்ட வரிசையினின்று வழுவும். பட்டியை ஒருமுறை கண்ணாற் காண்க.

இங்ஙனம் ஒவ்வொன்றையும் கையாலே திருத்துவதாயின் கருவி எதற்கு என்று வினவுவார் உளர். எம் வகுப்பிலும் இருந்தனர். ஒருமுறை திருத்திய பதிவு பின்னர் எத்தனை கட்டுரைக்கும் பயன்படும் என்பது விடை. உண்மையில், இதனினும் வலிய தடை வேறொன்று. கருவி பதிவைக் காக்கும். நூலைப் படித்தோமா என்று அது வினவாது. பஞ்சமரபை அடியார்க்குநல்லார் உரையின் வழியே கண்ட மாணவன் பஞ்சமரபையே கண்டதுபோற் பட்டியிற் சேர்த்தால், கருவி அழகுறவே அச்சிட்டுத் தரும். கண்டது உரையாயின் உரையைச் சுட்டி, அதன்கண் எடுத்தாளப்பட்டது என்று எழுதல் வேண்டும்.

இப்பொழுது வினாவுக்கு விடையெழுதும் பொறிகளும் வந்துவிட்டன. அவை மேற்கோளும் தரும். நூற்பெயர், ஆண்டு, பக்கம் யாவும் பொருத்தமுறவே தோன்றும். நூல்தான் உலகத்தில் இராது. 2023இல் நியூயார்க் நகரத்து நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி கற்பித்த இல்லாத தீர்ப்புகளை எடுத்துக்காட்டிய வழக்கறிஞர்மேல் 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. ‘என்றார் பிறரும்’ என்று எழுதிய உரையாசிரியர்க்கு அப்பிறர் இருந்தனர். இப்பொறி கூறும் பிறர் பிறந்தவரே அல்லர். ஆதலின் எம்முள் ஒரு விதி செய்துகொண்டோம்: எம்முள் ஒருவரேனும் கண்ணாற் கண்டு, முகப்பையும் பின்புறத்தையும் படமெடுத்துப் பிணைத்தாலன்றி எந்நூலும் பொதுத் தொகுப்பிற் சேராது. படங்கள் விரைந்து இடத்தை நிரப்புகின்றன. விலையின்றித் தரப்படும் இடம் 300 மெகாபைட்டே. அதனாற் படங்களைச் சுருக்கி இடுகின்றோம்.

அத்தொகுப்பில் இன்று 212 பதிவுகள் உள்ளன. அவற்றுள் 211க்கு முகப்புண்டு. எஞ்சிய ஒன்றற்கு ஆசிரியர் இல்லை, நூற்பெயர் இல்லை, ஆண்டில்லை. ‘விளங்கா மேற்கோள்’ என்னும் அடையாளமும் சென்ற ஆண்டின் அந்நிழற்படமும் மட்டும் உள. படத்திலுள்ள பக்கத்தில் இரண்டாம் பத்தி மகரயாழைப் பற்றித் தொடங்குகின்றது. இடப்புற ஓரத்தில் எவரோ ஊதா மையினால் நெடுங்கோடு ஒன்று இழுத்துள்ளார். தாளின் கீழ்மூலையில் வட்டமுத்திரை ஒன்றன் வளைவு தெரிகின்றது. அது நம் கலாசாலை நூலக முத்திரையே என்று நூலகத்தார் கூறுகின்றனர். அலமாரியிலோ அந்நூல் இல்லை. பழைய மாணவர் எவரேனும் இரவல் கொண்டு திருப்ப மறந்திருப்பின், நூலைத் தராவிடினும் குற்றமில்லை. அதன் முகப்பை மட்டும் படமெடுத்துத் தமிழ்த்துறைக்கு விடுப்பாராக.